அரை நிமிட மௌனம்

புதன்கிழமை அரை நாள்தான் பள்ளி; பன்னிரண்டேகாலுக்கே காலியாகிவிட்டது. கணினி அறையில் யோர்னேயும் ஃபெம்கேயும் மட்டும் இருந்தார்கள். பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் நகர வானொலியில் மாணவர்கள் தயாரிக்கும் ஊர்க்கதைத் தொடருக்கு இரண்டு மணிக்குள் ஒலிப்பதிவை அனுப்ப வேண்டும். இந்த வாரம், பள்ளியைச் சுத்தம் செய்யும் நாடீனின் கதை. ஃபெம்கே தனியாகப் போய்ப் பேட்டி எடுத்திருந்தாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்றது பதிவில் அவள் குரல்.

"இல்லை. நான் தனி ஆளு."

"அந்தக் கேள்வி வேண்டாம், வெட்டிடு," என்றாள் ஃபெம்கே.

"லூசா நீ? கதையே அதுலதான இருக்கு."

"நாலு நாளா இதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சுடா. வெட்டு."

யோர்னே கொட்டாவி விட்டான். "சரி தாயே. ஆனா வெட்டின இடம் பள்ளம் மாதிரி கேக்கும். அறையோட சத்தத்தை வச்சு அடைக்கணும். பேட்டி முடிஞ்சதும் அரை நிமிஷம் பேசாமப் பதிவு பண்ணியா?"

"பண்ணேன்."

அவன் பதிவின் கடைசிக்குப் போனான். ஃபெம்கே சட்டென்று நிமிர்ந்தாள். "யோர்னே, அதைப் போடாத!"

அதற்குள் அழுத்திவிட்டான். ஹீட்டரின் இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நாடீனின் களைத்த குரல்.

"நீ சொல்லித்தந்த மாதிரியே சொல்லிட்டேன்ல, செல்லம்? இனிமே உன் சிநேகிதங்க யாருக்கும் தெரியாது. ஃப்ரிட்ஜுல சூப் இருக்கு, சுட வச்சுக் குடி. அம்மா வர ஏழாகும்."

வெளியே நடைபாதையில் தரை துடைக்கும் வாளியின் சக்கரங்கள் உருண்டு வந்தன.

"ஃபெம்கே," என்றான் யோர்னே மெதுவாக, "இதையும் வெட்டணுமா?"