தாயில்லாப் பிள்ளை

பளார்! ஹாலிவுட் ஸ்டூடியோவே ஒரு கணம் அதிர்ந்தது.

அறை வாங்கிய கதாநாயகன் ஆல்டன், “அம்மா, என்னை மன்னிச்சிடுங்க” என்று சொல்ல வேண்டும். அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“கட்! வசனம் மறந்துபோச்சா?” என்றார் டைரக்டர் ஹாஸ்கெல்.

“இந்தக் கிழவி வேண்டாம் சார். வேற ஆளைப் போடுங்க.”

“ஏன்?”

ஆல்டன் கன்னத்தைத் தடவிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இன்னிக்கு இந்தக் காட்சி முடியலைன்னா முதலாளி உன்னைத்தான் மாத்துவார்” என்ற டைரக்டர், அம்மா வேடம் போட்ட துணை நடிகை வாண்டாவிடம் திரும்பினார். “பார்த்து அடிங்கம்மா. இங்கிலாந்துப் பிரபு வம்சம். பிறந்ததுமே தாயைப் பறிகொடுத்த பிள்ளை.”

“அவர் பேட்டியைப் படிச்சேன் சார்” என்றாள் வாண்டா, உள்ளங்கையைத் தேய்த்தபடி.

மறுபடி பளார். மறுபடி ஆல்டனுக்குப் பேச்சு வரவில்லை. மேக்கப்காரர் பூசப் பூச, கன்னம் வீங்கிக்கொண்டே போனது.

கடைசியில் ஆல்டன் மண்டியிட்டான். “அம்மா... என்னை மன்னிச்சிடுங்க.” கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. டைரக்டர் துள்ளிக் குதித்தார்.

விளக்குகள் அணைந்ததும், வாண்டா அவனுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தாள்.

“நான் செத்துட்டேன்னு பத்திரிகைக்காரங்ககிட்டச் சொல்லாம இருந்திருந்தா, ஒரே அறையோட விட்டிருப்பேன்டா மகனே.”