கடைசியாகக் குறித்த பாதை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சிவப்புப் பாறைகளில் காலை வெயில் இறங்குகிறது. கரடுமுரடான மலைப்பாதையில் ஓடும் டெல்வினின் ஏடிவி வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. அதன் தடித்த சக்கரங்களுக்கு முன்னால், அரசு நில அலுவலகத்துப் பெண் பிரின்லி ஒரு பழுப்புக் கம்பத்தை மண்ணில் அடித்துக்கொண்டிருக்கிறாள். கம்பத்தில் அதே மாதிரி வண்டியின் படம், அதன் குறுக்கே ஒரு சிவப்புத் தடைக்கோடு. பின்னிருக்கையில் மனைவி வெர்லீன் சாப்பாட்டுக் கூடையை இறுக்கிப் பிடிக்கிறாள். இன்று அவர்கள் திருமண நாள்; வருடாவருடம் இந்த நாளில் இருவரும் இந்தப் பாதை முடியும் மலைமுகட்டில்தான் சாப்பிடுவார்கள். முப்பது வருடப் பழக்கம்.

"நாங்க வண்டி ஓட்டற பாதையெல்லாம் வரைபடத்துல குறிச்சுக் குடுத்தா மூட மாட்டோம்னு சொன்னியேம்மா," என்கிறார் டெல்வின். "எங்க வீட்டு மேசையில உக்காந்து சொன்ன."

"என் கேக்கை ரெண்டு துண்டு தின்னுக்கிட்டே சொன்னா," என்கிறாள் வெர்லீன்.

பிரின்லியின் காது சிவக்கிறது. "மத்த பாதையெல்லாம் திறந்துதாங்க இருக்கு. இது ஒண்ணு... நீங்க வரைபடத்துல போடற வரைக்கும் இப்படி ஒரு பாதை இருக்கறதே ஆபீசுக்குத் தெரியாது." குரல் இறங்குகிறது. "நடந்து போகலாம். அதுக்குத் தடையில்ல."

டெல்வின் எஞ்சினை அணைக்கிறார். சட்டென்று காற்றின் சத்தம் கேட்கிறது. அவருடைய இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி வண்டியிலிருந்து இறக்குகிறார். கம்பத்தைத் தாண்டி மணலில் நடக்கிறார். முகட்டுக்கு நான்கு மைல். முதல் ஜூனிப்பர் மரத்தடியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிடுகிறார். பிரின்லி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவருகிறாள்.

"வேண்டாம்மா," என்கிறார், மூச்சு வாங்க. "நீ போய் உன் கம்பத்தை அடிச்சு முடி."

அவள் பாட்டிலைப் பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள். பிறகு சுத்தியல் சத்தம் கேட்கிறது.