வானொலியின் கடைசி மாலை

எதிரெதிரே வரும் விமானங்கள் இப்போதெல்லாம் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்கின்றன. ஒன்று மேலே ஏறும், மற்றது கீழே இறங்கும். அதனால் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் ஜெசிந்தாவிடம் யாரும் வழி கேட்பதில்லை. ஒரு காலத்தில் விமானிகளின் அழைப்புகளால் அவளைத் தண்ணீர் குடிக்கக்கூட விடாத வானொலி, இன்று மாலையோடு மூடப்படுகிறது. அதற்குள் ஒரு குரலாவது வராதா என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கரகரப்புக்குப் பின் ஒரு விமானி பேசினார். “மேடம், எனக்கு எதிரே யாராவது வர்றாங்களா?”

“வர்றாங்க கேப்டன். உங்க விமானம் இறங்கிடும், அது ஏறிடும். உங்க திரையிலேயே தெரியுமே?”

“தெரியுது. நீங்க சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாச்சு.”

“அந்த எதிரே வர்ற ஆள் நான்தான் சார்,” என்றது இன்னொரு குரல். “எனக்கும் சொல்லுங்க மேடம்.”

உடனே வானத்திலிருந்த அத்தனை விமானிகளும் பேச்சுப் பொத்தானை அழுத்தினார்கள். ஒரே அலைவரிசையில் இருவர் சேர்ந்து பேசினாலே இரண்டு பேச்சும் நசுங்கி, வெறும் கீச்சொலிதான் மிஞ்சும். ஜெசிந்தா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இடிச்சுக்காதீங்கப்பா,” என்றாள். “ஒவ்வொருத்தரா வாங்க.”