பத்தாயிரத்து ஒன்று உட்கார்ந்த நாற்காலி

பகா எண்களின் சபையில் சேர வந்து நின்றது பத்தாயிரத்து ஒன்று. நூறு வரையுள்ள சின்ன எண்கள் ஒவ்வொன்றாக வந்து வகுத்துப் பார்க்கும்; அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. யாருக்கும் மீதியின்றி வகுபடாவிட்டால்தான் உள்ளே விடுவார்கள்.

இரண்டு முதல் எழுபத்தொன்று வரை எல்லாம் தோற்றுத் திரும்பின. அடுத்து எழுபத்து மூன்றின் முறை. தன்னை நூற்று முப்பத்தேழால் பெருக்கிப் பிறந்ததுதான் இது என்று அதற்குத் தெரியும்.

“அண்ணே, காட்டிக் கொடுத்துடாதீங்க,” என்று காதோரம் கெஞ்சியது பத்தாயிரத்து ஒன்று.

எழுபத்து மூன்றுக்கு மனசு இளகிவிட்டது. “மீதி வருதுங்க,” என்று பொய் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. பாக்கி எண்களும் தோற்றன.

விருந்தில் பத்தாயிரத்து ஒன்றுக்கு அகல நாற்காலி போட்டார்கள். எழுபத்து மூன்று ஆசையாகப் பக்கத்தில் போய் நின்றது.

“உங்க சொந்தக்காரரா?” என்று கேட்டது அடுத்த நாற்காலியிலிருந்த ஐந்திலக்க எண்.

“இந்த ரெண்டிலக்கமா? எனக்கு இவரை யாருன்னே தெரியாது.”

எழுபத்து மூன்று பத்தாயிரத்து ஒன்றைத் தன்னால் வகுத்துவிட்டு வெளியே நடந்தது.

நாற்காலியில் கால் தரைக்கு எட்டாமல் நூற்று முப்பத்தேழு உட்கார்ந்திருந்தது. இப்போது அது சத்தியமாகவே பகா எண்தான்.

“யாருப்பா நீ?” என்றது ஐந்திலக்கம். “எழுந்திரு, இது பெரியவங்க இடம்.”