சமையலறை மூக்கு

அரசு உதவித்தொகை வாங்கும் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒரு மூக்கை மாட்டியிருந்தார்கள். கறி வாசனை பட்டால் அது ‘வசதியான குடும்பம்’ என்று குறித்துக்கொள்ளும். மறுநாளே தொகை நின்றுவிடும்; மூக்கையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

குய்லான், சீனாவின் சோங்சிங் நகரத்தில், கொதிக்கும் குழம்பில் கறியை முக்கித் தின்னும் ஹாட்பாட் உணவகம் ஒன்றில் மேசை துடைப்பவள். மழை விடாத வாரம் அது. நனைந்த சீருடையை வீட்டு அடுப்புக்கு மேலே காயப்போட்டாள். ஊரார் தின்ற மாட்டுக்கறியின் வாசனையெல்லாம் அதில் ஊறியிருந்தது.

புத்தாண்டுக்கு முதல் நாள் காலை ஓர் ஆள் வந்து மூக்கைக் கழற்றினான்.

“அது வேலைச் சட்டைங்க. நாங்க கறி தின்னு மூணு வருஷமாச்சு.”

“நான் கழட்டத்தான் வந்தேம்மா. விசாரிக்க வரல.”

சாயங்காலம் அவள் வெறும் முட்டைக்கோசை நறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஷூஃபென், கோட்டுக்குள் மறைத்திருந்த பன்றிக்கறிப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். அவளுக்குப் பின்னால் அந்த மாடிக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பொட்டலத்துடன் நின்றார்கள்.

“அக்கா, நம்ம மாடியில மூக்கு இல்லாத வீடு உங்களது ஒண்ணுதான். இங்க சமைச்சுக்கலாமா?”

குய்லான் சுவரில் மிஞ்சியிருந்த திருகாணி ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு பரணிலிருந்து பெரிய சட்டியை இறக்கினாள்.

“உள்ள வாங்க,” என்றாள். “வசதியான குடும்பம்தானே.”