ஒரு வீட்டுப் பெருநாள்

கறித்துண்டைப் பிய்த்து மகளின் தட்டில் வைக்கும்போதுதான் போன் அதிர்ந்தது.

இடது கையால் எடுத்துப் பார்த்தான்.

அவன் நம்பிப் பின்தொடரும் மார்க்கப் பேச்சாளரின் சேனல். எங்கோ ஒரு நாட்டில் பிறை தெரிந்துவிட்டது, உலகம் முழுவதற்கும் நாளை பெருநாள் என்று நேற்று மாலை அறிவித்தவர்.

'பிறைத் தகவல் தவறு எனத் தெரியவந்துள்ளது. இன்று நோன்புதான். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். விட்ட நோன்பைப் பிறகு வேறொரு நாளில் நோற்றுக் களாச் செய்யுங்கள்.'

கீழே வழக்கம்போல, சேனலைப் பகிரச் சொல்லி ஒரு வரி.

வாயில் சோறு இருந்தது.

தெருவே நோன்பில் இருந்தது. வாசம் வெளியே போகாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மனைவி சமைத்தாள். அவளும் நோன்பு. ருசி பார்க்காமலேயே பிரியாணியை இறக்கிவைத்தாள்.

இங்கே பிறை தெரியவில்லை, நாளை முப்பதாவது நோன்பு என்று நேற்று இரவு பள்ளிவாசலில் இமாம் ஹஜ்ரத் சொன்னபோது, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டியவன் இவன்.

"உங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சு ஹஜ்ரத். இதைப் பாருங்க."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஹஜ்ரத் போனைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்தார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

மகள் ருஃபைதாவுக்குப் பத்து வயது. இந்த வருடம்தான் முழு மாதமும் பிடிப்பேன் என்று ஆரம்பித்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. வெயிலில் பள்ளிக்கூடம் போய் வந்து, உதடு காய்ந்து, சுருண்டு படுத்துக் கிடந்தாள். விடவில்லை.

இன்று காலையில் அழுதாள்.

"இது ஒண்ணுதானே அத்தா. வச்சு முடிச்சிடுறேனே."

பெருநாளன்று நோன்பு வைப்பது பாவம் என்றான். பேரீச்சம்பழத்தை அவனே அவள் வாயில் வைத்தான். அவள் மெல்லும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது அழுகையெல்லாம் மறந்துவிட்டது. புதுப் பாவாடையில் எண்ணெய் படாமல் மடியை ஒதுக்கிக்கொண்டு சாப்பிட்டாள்.

"போன்ல யாரு அத்தா?"

வாயில் இருந்ததை விழுங்கினான்.

"பெருநாள் வாழ்த்து."

போனைக் கவிழ்த்து வைத்தான்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். காய்ந்த உதடு. "இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

அவன் தட்டை நீட்டினான்.

அவனைப் பார்த்து மகளும் நீட்டினாள்.