நீல ஊசி, பச்சை ஊசி

"பச்சை ஊசியை மாட்டினா நான் ஹால் பக்கமே வரமாட்டேன்!"

"நீல ஊசியை மாட்டினா நான் வீட்டுப் பக்கமே வரமாட்டேன்!"

ரெக்கார்டு பிளேயர் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கல்யாணமாகி நாலே மாசமாம். நகம் அளவு ஊசிக்கு இந்த ரகளை.

காலையில் ஆளுக்கொரு பக்கம் பிளேயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

"பாடறவர் போர்வைக்குள்ள உட்கார்ந்து பாடற மாதிரி இருக்குண்ணே," என்றான் அவன்.

கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்து ஊசியைப் பார்த்தார். "ம்ம்..." என்று மூடியைப் போட்டார். "புதுசே மாட்டிடலாம். உங்களுக்குப் பாட்டு எப்படிக் கேட்டா பிடிக்கும்?"

அந்தக் கேள்விதான் வினை.

அவனுக்கு டிரம்ஸ் நெஞ்சில் வந்து இடிக்கணும். அதற்கு நீலம். அவளுக்குப் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கணும். அதற்குப் பச்சை. கடைப் பிளேயரில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டியதுதான் மிச்சம்.

"மூச்சைக் கேட்கணும்னா ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிக்கோ!"

"இடி கேட்கணும்னா மழையில மொட்டைமாடிக்குப் போய்ப் படுங்க!"

"இது ஒரு வருஷம் தாங்காது," என்று கடைக்காரர் பில் மேசையில் இருந்த தன் மனைவியிடம் முணுமுணுத்தார்.

"நாம தாங்கலையா?" என்றாள் அவள்.

கடைசியில், "எதையோ ஒண்ணை நீங்களே மாட்டி வைங்க, சாயங்காலம் வர்றோம்," என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். அவன் தெருவுக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

ஐந்தாவது நிமிஷம் அவன் திரும்பி வந்தான். "குடையை விட்டுட்டேன்."

குடை அவன் கையிலேயே இருந்தது.

"அண்ணே... பச்சையையே மாட்டிடுங்க. பாட்டு கேட்கறப்போ கண்ணை மூடிக்குவா பாருங்க, அதைப் பார்க்கறதுக்கே நான் பாட்டு போடுவேன். ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. தலையில ஏறி உட்கார்ந்துக்குவா!"

அவன் படி இறங்கியிருக்கமாட்டான், போன் அடித்தது. கிசுகிசுவென்று அவள் குரல்.

"அண்ணா, நீலத்தையே மாட்டிடுங்க. டிரம்ஸ் வந்தா போதும், சோபா, டீபாய், என் தலை எல்லாத்துலயும் தட்டுவார். அந்தக் கூத்து இல்லாம வீடு வீடாவே இருக்காது. நான் சொன்னதா மட்டும் வாயைத் திறந்துடாதீங்க!"

போனை வைத்த கடைக்காரர் அந்தப் பிளேயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

சாயங்காலம் பாட்டு கணீரென்று கிளம்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் மேசையில் தட்டினான். கடைக்காரருக்கு இடது பக்கத்திலிருந்து ஒரு கண்ணடிப்பு, வலது பக்கத்திலிருந்து ஒரு கண்ணடிப்பு.

"மூச்சு எவ்வளவு தெளிவா கேட்குது பார்த்தியா!" என்றான் அவன்.

"இடிக்குதுங்க, நெஞ்சிலயே இடிக்குது!" என்றாள் அவள்.

"எவ்வளவுண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் வேணாம். கல்யாணப் பரிசுன்னு வச்சுக்கோங்க. கிளம்புங்க."

காலையில் போலவே ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, தெருவில் சிரிப்பைச் சிந்திக்கொண்டே போனார்கள்.

மனைவி பேனாவை டக்கென்று வைத்தாள். "பெரிய வள்ளல்! இருக்கறதுலயே விலை கூடின சரக்கை ஓசியில தூக்கிக் குடுத்தாச்சா? அது சரி, எதைத்தான் மாட்டினீங்க? நீலமா, பச்சையா?"

அவர் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். நீலமும் பச்சையும் உள்ளேயே இருந்தன.

"அப்போ இவ்வளவு நேரம் பாடினது?"

"அவங்க பழைய ஊசிதான். நுனியில தூசி பஞ்சு மாதிரி அடைச்சிருந்தது. பிரஷ்ஷால ஒரு தட்டு, போயிடுச்சு."

"அட, இவ்வளவுதானா! அதைக் காலையிலேயே பார்த்துத் தொலைச்சிருந்தா, பாவம், அதுங்க சண்டையே போட்டிருக்காதே?"

கடைக்காரர் பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காலையிலேயே பார்த்துட்டேன்," என்றார்.